ஒரே ஒரு செடி

உங்கள் வீட்டு ரோஜாச் செடி உயிரோடு இருக்கிறதா?

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பச்சைப்பசேல் என்று தளதளவென்று வளர்ந்து நிற்கலாம். ஆனாலும் அது செத்துப் போயிருக்கலாம். எனக்கு நடந்தது.

தள்ளுவண்டியில் வந்த செடி. மஞ்சள் பூ, இதழ் ஓரத்தில் மட்டும் யாரோ ரோஸ் பவுடர் தடவின மாதிரி ஒரு சிவப்பு. பி.காம். படித்த பாவத்துக்கு அரைமணி நேரம் பேரம் பேசி, பத்து ரூபாய் குறைத்து வாங்கி, மொட்டை மாடியில் வைத்தேன். முதல் இரண்டு மாதம் நாலு பூ பூத்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஆனால் அடியிலிருந்து ஒரு புதுக் கிளை கிளம்பியது பாருங்கள், என்ன ஒரு வேகம்! வீட்டில் ஒரே கொண்டாட்டம். டீத்தூள் போட்டோம். முட்டை ஓடு போட்டோம். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினோம். ஆறடி வளர்ந்தது. ஒரு வருஷம் கழித்து ஒருவழியாகப் பூவும் பூத்தது. கொத்துக் கொத்தாக, காசு அளவில், வெளுத்துப் போன வெள்ளைப் பூ.

தோட்டக்கலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். கூட்டி வந்து காட்டினேன். குனிந்து அடித்தண்டைப் பார்த்தவர், நிமிர்ந்து சொன்னார்: "தம்பி, உங்க ரோஜா போன வருஷமே போயிடுச்சுப்பா. நீங்க சோறு போட்டு வளர்க்கிறது, அதைக் கொன்னவனை."

விஷயம் இதுதான். கடையில் வாங்குகிற ரோஜாச் செடி பெரும்பாலும் ஒரு செடி இல்லை. இரண்டு. கீழே இருப்பது ஒரு முரட்டுக் காட்டு ரோஜா. எந்த மண்ணிலும் வேர் விடும், எதையும் தாங்கும். அதன் தண்டில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு கீறல் போட்டு, பட்டையைத் திறந்து, நல்ல ஜாதி ரோஜாவின் ஒரே ஒரு கண்ணை (இலைக்காம்பின் இடுக்கில் இருக்கிற அந்தச் சின்ன முளையை) உள்ளே செருகிக் கட்டிவிடுவார்கள். கண் பிடித்துக்கொண்டதும் மேலே இருக்கிற காட்டுக் கிளைகளை வெட்டி எறிந்துவிடுவார்கள். இனி வேர் இவனுடையது, பூ அவளுடையது. கொஞ்சம் அசந்தால் கீழே இருக்கிற ஆசாமி தன் சொந்தப் போத்தை அனுப்பி, வருகிற சாப்பாட்டையெல்லாம் அவனே வாங்கிக்கொள்வான். மேலே இருப்பவள் பட்டினி கிடந்து செத்துப்போவாள்.

எதற்கு இந்தக் கஷ்டம், விதை போட்டு முளைக்க வைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் வருவது அதே ரோஜாவாக இருக்காது. அம்மா மாதிரியே அச்சாகப் பெண் பிறப்பாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பெயர் வைத்து விற்கிற ரோஜா பெரும்பாலும் என்றோ ஒருநாள் ஒரு விதையிலிருந்து முளைத்த ஒற்றைச் செடி. அதன் கண்ணை எடுத்து ஒட்டி, அதிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டி, ஊர் ஊராக, தேசம் தேசமாகக் கொண்டு போகிறார்கள். ஆகவே பெர்லினிலும் பெங்களூரிலும் இருப்பது இரண்டு செடிகள் இல்லை. ஒரே செடியின் இரண்டு கிளைகள். மனிதக் கைகள் ஒட்டிக்கொண்டே இருக்கிறவரை அதற்கு ஆயுசு. கை நின்றால் கதை முடிந்தது.

இப்படி ஒரு செடி, ஒரு உலகப் போரையே தாண்டி வந்த கதை ஒன்று இருக்கிறது. மஞ்சளில் சிவப்பு ஓரம் போட்ட அதே ரோஜா. பெயர், 'பீஸ்'. அதாவது, சமாதானம்.

கதை நடந்த இடம் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரம். பட்டுக்குப் பெயர்போன ஊர். அந்தக் காலத்தில் ரோஜாவுக்கும் அதுதான் தலைநகரம். அங்கே ஜோசப் பெர்னே-துஷே என்று ஒருவர் இருந்தார். 'லியோன் மந்திரவாதி' என்று பட்டப்பெயர். மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசைதான். மஞ்சள்.

இன்றைக்கு நமக்கு மஞ்சள் ரோஜா சாதாரணம். பூக்கடையில் எட்டிப் பார்த்தால் கிடைக்கும். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. பெரிய பூவாக, திரும்பத் திரும்பப் பூக்கிற ரோஜாக்களில் சிவப்பு உண்டு, ரோஸ் உண்டு, வெள்ளை உண்டு. பளீரென்ற மஞ்சள் கிடையாது. அந்த நிறம் இருந்தது ஒரு மேற்காசிய ரோஜாவிடம். 'பாரசீக மஞ்சள்' என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். வாசனையும் அப்படி ஒன்றும் சிலாக்கியமில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தாவர சாஸ்திரப் பெயரே 'நாறுகிற ரோஜா' என்றுதான் அர்த்தப்படும். கலப்பினம் செய்தால் லேசில் விதை பிடிக்காது. பெர்னே-துஷே விடவில்லை. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 1900ல் 'சோலேய் தோர்', அதாவது தங்கச் சூரியன் என்ற ரோஜாவை வெளியிட்டார். இன்று உலகத்தில் இருக்கிற மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் ஏராளமானவற்றுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி.

கொள்ளுப்பாட்டி நிறத்தை மட்டும் கொடுக்கவில்லை. கூடவே ஒரு வியாதியையும் சீதனமாக அனுப்பினாள். இலையில் கறுப்பாக வட்டம் விழுந்து, சுற்றி மஞ்சளாகி, ஒரே வாரத்தில் செடி மொட்டையாக நிற்குமே, கரும்புள்ளி நோய், அதை எதிர்க்கிற சக்தி பாரசீக மஞ்சளுக்குச் சுத்தமாக இல்லை. அந்தப் பலவீனம் பேத்திகளுக்கும் வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டு மஞ்சள் ரோஜா மழைக்காலத்தில் இலை உதிர்த்து நின்றால் உங்கள் கைராசியைத் திட்டாதீர்கள். பரம்பரை.

பெர்னே-துஷேவுக்கு இரண்டு மகன்கள். குளோதியஸ், ஜார்ஜ். அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். 1914ல் முதல் உலகப் போர் வந்தது. இரண்டு பேரும் போனார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை.

ஒரு தோட்டக்காரரால் என்ன செய்ய முடியும்? 1920ல் ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு 'குளோதியஸ் பெர்னே நினைவாக' என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷம் இன்னொரு ரோஜா, 'ஜார்ஜ் பெர்னே நினைவாக'. 1928ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் குளோதியஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவான்.

அதே லியோன் பக்கத்தில் இன்னொரு குடும்பம். பிரான்சிஸ் துப்ரெய் என்று ஒரு தையல்காரர். ஊசியும் நூலும் போதும் என்று தூக்கிப் போட்டுவிட்டு ரோஜா வளர்க்க வந்தவர். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பையன் அந்துவான் மெய்யான். பையன் ரோஜாவையும் கற்றுக்கொண்டான், முதலாளியின் மகள் கிளாதியாவையும் கல்யாணம் செய்துகொண்டான். (எல்லாத் தேசத்திலும் நடக்கிற கதைதான்.) அவர்களுக்கு 1912ல் பிறந்தவர் பிரான்சிஸ் மெய்யான். தாத்தா பெயர்.

பிரான்சிஸுக்கும் ரோஜாதான் ரத்தம். ஆனால் கூடவே கணக்கும் வந்தது. அந்தக் காலத்தில் புது ரோஜா உண்டாக்குகிறவர்களின் பிழைப்பு எப்படி என்று பாருங்கள். ஏழெட்டு வருஷம் உழைத்து ஒரு புது ரோஜாவைக் கொண்டு வருகிறீர்கள். முதல் சீசனில் பத்துச் செடி நல்ல விலைக்கு விற்கிறீர்கள். வாங்கினவன் வீட்டுக்குப் போய்க் கண்ணை எடுத்து ஒட்டினால், அடுத்த வருஷம் அவனிடம் நூறு செடி. அதற்கடுத்த வருஷம் ஊர் பூராவும் உங்கள் ரோஜா. உங்கள் பாக்கெட்டில் ஒன்றுமில்லை. பாட்டு எழுதினவனுக்கு உரிமை உண்டு, மெஷின் கண்டுபிடித்தவனுக்கு உண்டு, பூ உண்டாக்கினவனுக்குக் கிடையாது.

அமெரிக்காவில் மட்டும் நிலைமை மாறியிருந்தது. 1930ல் அங்கே செடிகளுக்கும் காப்புரிமை என்று ஒரு சட்டம் போட்டார்கள். 1931ல் கொடுத்த முதல் காப்புரிமையே ஒரு ரோஜாவுக்குத்தான். 'நியூ டான்' என்று ஒரு கொடி ரோஜா. பிரான்சிஸ் இதைக் கவனித்தார். பென்சில்வேனியாவில் கானர்ட்-பைல் கம்பெனி நடத்திய ராபர்ட் பைலோடு குடும்பத்துக்குப் பழக்கம் இருந்தது. பைல் ஒரு குவேக்கர். யுத்தமே கூடாது என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இந்த நட்புதான் பின்னால் ஒரு செடியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

1935. பிரான்சிஸும் அப்பாவும் அந்த வருஷம் செய்த கலப்பினங்களில் ஒன்றுக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எண், 3-35-40. முப்பத்தைந்தாம் வருஷத்தின் மூன்றாவது கலப்பு, அதில் நாற்பதாவது நாற்று. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. வளர வளரத்தான் தெரிந்தது. பளபளவென்று கெட்டியான இலை. நல்ல பெரிய பூ. வெளிர் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு. வெயில் ஏற ஏற நிறம் மாறுகிறது.

மெய்யான் குடும்பம் வெளியிட்ட வம்சாவளியில் இந்தச் செடியின் முன்னோர்களாக ஐந்து ரோஜாக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர், 'குளோதியஸ் பெர்னே நினைவாக'. ஒரு போரில் செத்துப்போன பையனின் பெயரைச் சுமந்த செடி, அடுத்த போரின் முடிவில் பெயர் வாங்கப்போகிற செடிக்குத் தாத்தா.

1939 ஜூனில் லியோனுக்கு வந்திருந்த வெளிநாட்டு ரோஜாக்காரர்கள் பெயர் வைக்காத அந்தச் செடியைப் பார்த்து மயங்கிப்போனார்கள். இத்தாலிக்கு, ஜெர்மனிக்கு எல்லாம் ஒட்டுக்குச்சிகள் போயின. செப்டம்பரில் போர் வந்துவிட்டது. 1940 ஜூனில் பிரான்ஸ் மண்டியிட்டது.

அமெரிக்காவுக்கு மட்டும் எப்படிப் போனது? இங்கேதான் கதையில் மசாலா. பிரான்ஸ் விழுவதற்கு முன் கிளம்பிய கடைசி விமானத்தில் போயிற்று என்று ஒரு கதை. 1942 நவம்பரில் ஜெர்மானியப் படை லியோனுக்குள் நுழைகிற நேரத்தில், ஊரைவிட்டுக் கிளம்பிய அமெரிக்கத் தூதரக அதிகாரி தன் பைக்குள் வைத்து எடுத்துப் போனார் என்று இன்னொரு கதை. சினிமா எடுக்க இரண்டாவதுதான் வசதி. ஆனால் ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவில் இந்த ரோஜாவுக்குக் காப்புரிமை கொடுத்தது 1943ல். எண் 591. 1942 கடைசியில் வந்து இறங்கிய குச்சியை ஒட்டி, வளர்த்து, பூக்கவைத்து, விண்ணப்பம் போட்டு, அடுத்த வருஷமே காப்புரிமை வாங்க முடியுமா? ரோஜா அவ்வளவு வேகம் இல்லை. அரசாங்க ஆபீஸ் அதைவிட வேகம் இல்லை. முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

எப்படிப் போனால் என்ன? போன சரக்கு இதுதான்: ஒரு சின்ன பார்சல். அதற்குள் பென்சில் கனத்துக் குச்சிகள். குச்சிக்கு நாலைந்து கண். ஈரம் காய்ந்தால் அதோடு சரி.

அடுத்த சில வருஷம் தகவலே இல்லை. மெய்யான் குடும்பத்துக்குத் தங்கள் குச்சி பிழைத்ததா, செத்ததா தெரியாது. அவர்கள் பங்குக்குப் பிரான்சில் அந்த ரோஜாவுக்கு 'மதாம் அ. மெய்யான்' என்று பெயர் வைத்தார்கள். பிரான்சிஸின் அம்மா கிளாதியா. புற்றுநோயில் போரைப் பார்க்காமலே போய்விட்டவர். இத்தாலியில் அதே செடிக்கு 'ஜோயா' என்று பெயர். சந்தோஷம். ஜெர்மனியில் 'குளோரியா தேய்'. இறைவனின் மகிமை. ஒருவர் மேல் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்த மூன்று தேசங்களில் ஒரே செடி மூன்று பெயரில் பூத்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கு மற்றவர் சங்கதி தெரியாது.

1944 செப்டம்பரில் லியோன் விடுதலையானது. அதன்பிறகுதான் பைலின் கடிதம் வந்து சேர்ந்தது. குச்சி பிழைத்துவிட்டது. பிழைத்தது மட்டுமில்லை, ஊர் ஊராக வைத்துச் சோதித்துப் பார்த்து அசந்து போயிருந்தார்கள். உலகம் இப்போது எதற்காக ஏங்குகிறதோ அதையே இதற்குப் பெயராக வைப்போம் என்பது பைலின் தரப்பு முடிவு.

1945 ஏப்ரல் 29. கலிபோர்னியாவில் பாசதேனா. ரோஜாக் கண்காட்சி. அங்கே 'பீஸ்' என்று பெயர் சூட்டினார்கள். அன்றைக்குத்தான் பெர்லின் வீழ்ந்தது என்று ரோஜாப் புத்தகங்கள் பூராவும் எழுதி வைத்திருக்கிறார்கள். சரியில்லை. அன்றைக்கு பெர்லின் தெருக்களில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஹிட்லர் தன் பாதாள அறையில் இவா பிரவுனைக் கல்யாணம் செய்துகொண்டது அன்றைய அதிகாலை. மறுநாள் இருவரும் தற்கொலை. பெர்லின் சரணடைந்தது மே 2ம் தேதி. ஆக, சமாதானம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அதன் பெயரை ஒரு பூவுக்கு வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இதுதான் பொய்யான கதையைவிட அழகு.

அதே நேரத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க மாநாடு கூடியிருந்தது. வந்திருந்த ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் ஒரு ஜாடியில் ஒரு 'பீஸ்' ரோஜா, கூடவே உலக சமாதானத்தை வேண்டி ஒரு சீட்டு. அமெரிக்க ரோஜா சங்கத்தின் ஏற்பாடு. சுதந்தரத்துக்கு முந்தைய இந்தியாவின் குழுவுக்குத் தலைவராகப் போயிருந்தவர் நம்ம ஆற்காடு ராமசாமி முதலியார். ஆக, அந்த ரோஜா தமிழன் கைக்கும் அப்போதே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நடந்தது வியாபார சரித்திரம். 1946க்கான அகில அமெரிக்க ரோஜாத் தேர்வில் பரிசு. செடிகள் கோடிக்கணக்கில் விற்றன. காப்புரிமை இருந்ததால் ராயல்டி ஒழுங்காக வந்தது. அந்தப் பணத்தில் பிரான்சிஸ், செடி விற்கிற வேலையை விட்டுவிட்டு, தெற்கே கடலோரம் அந்தீப் முனைக்குப் போய், புது ரோஜா உண்டாக்குவதை மட்டுமே தொழிலாக வைத்துக்கொண்டார். ஐரோப்பாவிலும் செடிக்கு உரிமை வேண்டும் என்று கோர்ட், கச்சேரி என்று ஏறி இறங்கினார். 1961ல் பாரீசில் அதற்கான சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானபோது பார்ப்பதற்கு அவர் இல்லை. 1958லேயே, நாற்பத்தாறு வயதில், அம்மாவைக் கொண்டுபோன அதே வியாதி அவரையும் கொண்டுபோயிருந்தது.

அந்த உரிமை நல்லதா, விதை விஷயத்தில் விவசாயியின் கழுத்தை நெரிக்குமா என்பது பெரிய வழக்கு. இந்தியாவில் 2001ல் சட்டம் போட்டபோது, விவசாயி தன் விதையைச் சேர்த்து வைக்கிற உரிமையையும் சேர்த்தே எழுதினார்கள். அதை இன்னொரு வாரம் பேசலாம். 'பீஸ்' பொறுத்தவரை கேஸ் முடிந்துவிட்டது. பதினேழு வருஷக் காப்புரிமை 1960ல் காலி. இப்போது நீங்களோ நானோ தாராளமாகக் கண் எடுத்து ஒட்டலாம். உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 1976ல் 'உலகின் அபிமான ரோஜா' என்று ஒரு கௌரவத்தைத் தொடங்கியபோது, முதல் ஆளாக அதில் ஏறியதும் 'பீஸ்'தான். ஆரஞ்சுச் சிவப்பில் நம் ஊர் நர்சரிகளில் 'சூப்பர் ஸ்டார்' என்று ஒரு ரோஜா விற்பார்கள். ரஜினிக்கு வைத்த பெயர் இல்லை. 1960ல் ஜெர்மனியில் வந்தது. அதன் பரம்பரையிலும் 'பீஸ்' உண்டு.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம்.

உங்கள் செடியின் அடியில் ஒரு முண்டு, முடிச்சு மாதிரி தெரியும். அதுதான் ஒட்டு. அது மண்ணுக்குள் புதையாமல், கண்ணில் படும்படி இருக்கட்டும். அதற்குக் கீழேயிருந்து எது கிளம்பினாலும் தயவு தாட்சண்யம் வேண்டாம். கத்தரிக்கோலால் மேலாக நறுக்கினால் திரும்ப வரும். மண்ணை விலக்கி, கிளம்புகிற இடத்திலேயே பிய்த்து எடுங்கள். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். சாயங்காலம் இலை மேல் ஷவர் மாதிரி அடித்துவிட்டுப் போனால் ராத்திரி பூரா ஈரம் நிற்கும். கரும்புள்ளிக்கு விருந்து வைத்த மாதிரி. புள்ளி விழுந்த இலையைத் தொட்டியிலேயே உதிர விடாமல் பொறுக்கி எறியுங்கள். வாடின பூவைக் காம்போடு, ஐந்து இலை உள்ள கொத்துக்கு மேலே வெட்டுங்கள். அங்கிருந்துதான் அடுத்த மொட்டு. வருஷக் கடைசியில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், அடைமழை இல்லாத நாளாகப் பார்த்துப் பழைய கிளைகளைப் பாதியாகக் கவாத்து செய்யுங்கள். வெட்டும்போது மனசு கஷ்டப்படும். படட்டும்.

இவ்வளவும் எதற்கு, ஒரு பூச்செடிக்கா என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் போன பிறகு திரும்பப் போய் ஒரு மஞ்சள் ரோஜா வாங்கி வந்தேன். விற்றவருக்குப் பெயர் தெரியவில்லை. 'பீஸ்' தானா, அதன் பெண்ணா, பேத்தியா, எனக்கும் தெரியாது. ஆனால் குனிந்து அந்த முடிச்சைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். இந்த இடத்தில் யாரோ ஒருவர் கத்தியால் கீறி, ஒரு கண்ணை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார். அவருக்கு முன்னால் இன்னொருவர். அவருக்கு முன்னால் இன்னொருவர். இடையில் ஒரே ஒருவர் அசந்திருந்தால் இது இங்கே இல்லை.

போன தடவை அசந்தது நான்.

நேற்று அடியில் ஒரு போத்து எட்டிப் பார்த்தது. நகத்தளவுதான் இருக்கும். பிய்த்துப் போட்டுவிட்டேன்.